பிராங்க்பர்ட்டில் நான்கு மாலைகள் கிடைத்தால்: கேள்வி பதில்

ஆபீஸ் வேலையாகப் பிராங்க்பர்ட் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. வேலை நிமித்தம் அங்கே போகும்போதெல்லாம் மாலையில் நடந்தே பழகியவன் நான். "அது வெறும் பேங்க் ஊரு, பார்க்க ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணா, திங்கள் முதல் வியாழன் வரை கிளையன்ட் ஆபீஸ். ஆறு மணிக்கு மேல்தான் வெளியே வர முடியும். அதற்குப் பிறகு என்ன பார்ப்பது?

எந்த மாதம் போகிறீர்கள் தம்பி? ஜூன் என்றால் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் என்றால் நாலரைக்கே இருட்டிவிடும். ஆனால் அப்போது ரோமர்பெர்க் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும், அதுவும் நல்ல நேரம்தான்.

முதல் மாலை மைன் ஆற்றுக்குப் போங்கள். பெரிய ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. தென்கரை முழுக்க அருங்காட்சியகங்கள். அப்படியே கிழக்கே நடந்தால் ஐசர்னர் ஸ்டேக் என்ற இரும்பு நடைபாலம் வரும். 1860களின் இறுதியில் கட்டியது. 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படையே அதைத் தகர்த்தது, மறு ஆண்டே திரும்பக் கட்டிவிட்டார்கள். மேலே கிரேக்க எழுத்துகள் தெரியும். வேற்று மொழி பேசும் மக்களை நோக்கிக் கடலில் போவதைச் சொல்லும், பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் வரி அது. கதையில் அதைச் சொல்வது, வணிகத்துக்காகக் கப்பலில் போகும் ஒரு தலைவன் வேடத்தில் வரும் தெய்வம். வேலைக்காக வந்த நமக்கு எழுதி வைத்தது போலவே இருக்கும்.

பாலத்தைக் கடந்தால் ரோமர்பெர்க். அங்கே வரிசையாக நிற்கும் மரச்சட்ட வீடுகளைப் பார்த்து ஐந்நூறு வருடப் பழசு என்று நினைப்போம். அவை 1980களில் கட்டியவை. 1944 மார்ச் மாதக் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்து போனது. சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவே பிறகு எழுந்த பெரிய கான்கிரீட் கட்டடத்தையும் இடித்துவிட்டு, பழைய தெருக்களைத் திரும்ப அமைத்து 2018இல் திறந்தார்கள். அதைப் போலி என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழந்த தெருவைத் திரும்ப நடந்து பார்க்க ஒரு ஊர் ஆசைப்பட்டதில் தப்பென்ன? அந்தப் பேராலயத்தில்தான் 1562 முதல் 1792 வரை பேரரசர்களுக்கு முடிசூட்டினார்கள்.

மறுநாள் கிழக்கே போங்கள். போர்னெப்ளாட்ஸில் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவர் இருக்கிறது. அதில் சின்னச் சின்ன உலோகக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நாஜிகளால் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர். இந்த ஊர் யூதர்கள் 11,000 பேருக்கும் மேல். 1929இல் இங்கே பிறந்த, நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் பிராங்கின் பெயரும் உண்டு. கட்டைகள் மேல் யாரோ நினைவாகக் கூழாங்கல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கிருந்து ஐரோப்பிய மத்திய வங்கி வரை நடக்கலாம். வங்கியின் கோபுரத்தோடு சேர்ந்திருக்கும் நீண்ட கட்டடம் முன்பு மொத்தக் காய்கறிச் சந்தை. அதன் நிலவறையில் அடைத்து வைத்துத்தான் அந்த மக்களை ரயில் ஏற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஊரே வேறு மாதிரி தெரியும்.

திரும்பும்போது ஃப்ளோசர் பாலத்தில் நின்று மேற்கே பாருங்கள். கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

வியாழக்கிழமையை ஷ்டேடல் ஓவியக்கூடத்துக்கு ஒதுக்குங்கள், அன்று இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.

சார், ஒரே ஒரு சனிக்கிழமை ஃப்ரீ. பாரிஸ் போய்விட்டு வந்துவிடலாமா? பிசினஸ் விசாதான் இருக்கிறது.

ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) என்றால் போகலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆனால் போகாதீர்கள். அதிவேக ரயிலிலேயே ஒரு வழிக்கு நாலு மணி நேரம் ஆகும். ஈபிள் கோபுரத்தின் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதுதான். அதற்குப் பதில் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் நாற்பது நிமிடம் போனால் மைன்ஸ். அச்சுக் கலையின் கூட்டன்பர்க் பிறந்த ஊர். சனிக்கிழமை காலை பேராலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். குன்றின் மேல் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம். மார்க் ஷகால் என்ற யூத ஓவியர், தொண்ணூறு வயதுக்கு மேல், ஜெர்மனியோடு சமாதானம் வேண்டி வரைந்து கொடுத்த நீலக் கண்ணாடி ஜன்னல்கள் அங்கே இருக்கின்றன. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். உள்ளே எல்லாமே நீலமாக இருக்கும்.

நான் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பிரெட்டும் ஜாமும்தானா?

இல்லவே இல்லை. க்ரூனே சோசே என்று இந்த ஊர்ப் பச்சை சாஸ் ஒன்று உண்டு. ஏழு வகைக் கீரை, மூலிகைகளைப் பச்சையாக நறுக்கி, புளித்த பாலேடு சேர்த்துக் கலந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். வழக்கமாக முட்டையும் வரும், சாஸிலேயே நறுக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் "ஓனே ஐ" (முட்டை இல்லாமல்) என்று சொல்லிவிட்டு, சாஸில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் நேரம் கிடைத்தால் க்ளைன்மார்க்ட்ஹாலே என்ற உள்அங்காடிக்குப் போங்கள், ஞாயிறு மட்டும் விடுமுறை. அரிசி பருப்பு ஏக்கம் வந்தால் ரயில் நிலையத்துக்கு எதிரே ம்யூன்ஷனர் தெருப் பக்கம் இந்தியக் கடைகள் உண்டு.

அக்காவுக்காகக் கேட்கிறேன், தனியாகப் போகிறாள். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்தான் மலிவு. பயமில்லையா?

ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சில சந்துகளில் போதை ஊசி போடுவதைப் பகலிலேயே பார்க்கலாம். பெரும்பாலும் யாரும் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. ஆனாலும் முதல் முறை, தனியாக, இரவில் வந்து சேர்கிறவருக்கு அந்தப் பகுதியை நான் சொல்ல மாட்டேன். ஸாக்சன்ஹவுசன் அல்லது போக்கன்ஹைம் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய கண்காட்சி நடக்கும் வாரங்களில் அறை வாடகை தாறுமாறாக ஏறும், தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ரயிலில் டிக்கெட்டை யாரும் செக் பண்ணுவதில்லை என்கிறார்களே?

கேட் இல்லை, அவ்வளவுதான். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம், ஊருக்குப் புதுசு என்றாலும் விட மாட்டார்கள். ஊருக்குள் போகும் நாள் டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது, அதற்குத் தனி. கூட ஆட்கள் இருந்தால் ஐந்து பேர் வரைக்கும் குழு நாள் டிக்கெட் உண்டு.

ஞாயிறு இரவு ஃபிளைட். அன்று பகலில் ஷாப்பிங் முடித்துவிடலாமா?

முடியாது. ஞாயிறன்று கடைகள் அடைப்பு. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்கப் பொருளைக் காட்டச் சொல்வார்கள், அதனால் பெட்டியைக் கவுண்டரில் அனுப்பி வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.