கணினி கேள்வி–பதில்: கறுப்புத் திரையில் காணொளி

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியே சொல்கிறோம்.

கேள்வி: 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன், டெஸ்க்டாப் கிடையாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் டிவி வைத்து, காவடிக் காணொளிகளை விடாமல் ஓட்ட வேண்டும். டெஸ்க்டாப் போட்டே ஆக வேண்டுமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வேண்டாம். இருக்கிற 2 ஜிபியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிஆர்எம் (டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர்) என்ற பகுதி திரையைக் கவனித்துக்கொள்கிறது. எம்பிவி பிளேயர் படத்தை நேரே அதனிடம் கொடுத்துவிடும். 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் எம்பிவி' என்று நிறுவிக்கொண்டு, காணொளிகள் உள்ள ஃபோல்டருக்குப் போய் இதைத் தட்டுங்கள்:

எம்பிவி --விஓ=டிஆர்எம் --லூப்-பிளேலிஸ்ட் *.எம்பி4

நிறுத்த 'க்யூ' விசை.

லேப்டாப்பில் படம் ஓடி, டிவியில் வராமல் இருந்தால் பயப்படாதீர்கள். எம்பிவி தனக்கு முதலில் அகப்பட்ட திரையை எடுத்துக்கொண்டிருக்கும். 'எம்பிவி --டிஆர்எம்-கனெக்டர்=ஹெல்ப்' கொடுத்தால் திரைகளின் பட்டியல் வரும். டிவி பெரும்பாலும் எச்டிஎம்ஐ-ஏ-1 (எல்லாம் பெரிய எழுத்து). 'ஹெல்ப்' இருந்த இடத்தில் அதைப் போட்டு, மேலே உள்ள கட்டளையோடு சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. உங்கள் கணக்கு 'வீடியோ' குழுவில் இல்லாமல் இருக்கலாம்: 'சூடோ ஆட்யூசர் உங்கள்பெயர் வீடியோ' (ஆட், யூசர் இரண்டும் ஒட்டியே) கொடுத்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். வெளியேறாமல் முயன்றால் பழைய பிழையே வரும், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இல்லையென்றால் வேறொரு நிரல் திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும்.

படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? கீழ்வரியில் 'டிராப்டு' என்ற எண் ஏறிக்கொண்டே போனால் சிபியு மூச்சு வாங்குகிறது. இந்த முறையில் படத்தைப் பெரிதாக்குவதும் சிபியுதான், அதனால் '--டிஆர்எம்-மோட்=1280எக்ஸ்720' சேர்த்துத் திரையின் அளவைக் குறையுங்கள். காணொளிகளும் 720பி அளவில், எச்.264 சுருக்க முறையில் இருக்கட்டும். ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கிய கோப்பைப் பழைய லேப்டாப்பிடம் கொடுப்பது வீண் வேலை.

சத்தம் வரவில்லையென்றால் 'ஆல்சாமிக்சர்' திறந்து, எஃப்6 அழுத்தி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டைக்கு அடியில் 'எம்எம்' என்றிருந்தால் ஊமையாக்கப்பட்டிருக்கிறது. 'எம்' விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகும். சத்தம் டிவியில் வராமல் லேப்டாப்பில் வந்தால், 'எம்பிவி --ஆடியோ-டிவைஸ்=ஹெல்ப்' தரும் பட்டியலில் எச்டிஎம்ஐ என்றிருக்கும் பெயரை எடுத்து 'ஹெல்ப்' இருந்த இடத்தில் கொடுங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே, அதே டிவி, அதே கேபிளோடு பார்த்துவிடுங்கள். உறுமியும் மேளமும் முழங்கும் இடத்தில் ஆல்சாமிக்சரோடு மல்லுக்கட்ட முடியாது.

கேள்வி: எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குத் தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக வீட்டு சர்வருக்குள் நுழைந்து எம்பிவி ஓட்டினால் என் திரையில் படமே வருவதில்லை. ஏன்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: டிஆர்எம் முறையில் படம் சர்வரில் செருகிய திரைக்குத்தான் போகும். உங்கள் டெர்மினலுக்குள்ளேயே வேண்டுமானால் எம்பிவி கட்டளையில் '--விஓ=டிசிடி --ரியலி-க்வயட்' சேர்த்துக்கொள்ளுங்கள் (டிசிடியில் இரண்டு டியும் 'டைகர்' என்பதன் முதலெழுத்து). இது ஓர் எழுத்துக் கட்டத்தை மேல், கீழ் என இரண்டு நிறப் புள்ளியாக்கும். 80க்கு 24 டெர்மினலில் கிடைப்பது 80க்கு 48 புள்ளி. யார் முகம் என்று அடையாளம் தெரிந்தால் அதிர்ஷ்டம். டெர்மினலின் எழுத்தைச் சிறிதாக்கினால் புள்ளிகள் கூடும், நெட்வொர்க்குக்குச் சுமையும் கூடும். சத்தம் எப்படியும் சர்வரில்தான் கேட்கும். எது எந்தக் கோப்பு என்று எட்டிப் பார்க்க இது போதும். உட்கார்ந்து படம் பார்க்க 'எஸ்எஸ்எச்எஃப்எஸ்' மூலம் அந்த ஃபோல்டரை உங்கள் கணினியில் இணைத்து இங்கேயே ஓட்டுங்கள்.

கேள்வி: டெஸ்க்டாப் இல்லாத கணினியில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சப்டைட்டிலும் அப்படித்தான்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. லினக்ஸ் கன்சோல் (டெஸ்க்டாப் இல்லாத கறுப்புத் திரை) எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை, கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்க்கவும் அதற்குத் தெரியாது. கோப்புப் பெயருக்கு அங்கே தீர்வு கிடையாது. எண் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது. சப்டைட்டிலை எம்பிவி தானே வரைகிறது. லோஹித் தமிழ் எழுத்துருவை (ஃபாண்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்; இங்கேயும் டி 'டைகர்' என்பதன் முதலெழுத்து) நிறுவினால் ஒழுங்காக வந்துவிடும்.