பாட்டுப் பீரியட் எங்கே போனது? குமரிப் பெற்றோருக்கு ஒரு இசை ஆசிரியையின் பதில்கள்

அரசுப் பள்ளிகளில் இசைக்கான சிறப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நம் குமரி மாவட்டத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், மகள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பாட்டு. ஆனால் வருவது கணக்கு டீச்சர். யாரிடம் கேட்பது?

முதலில் தலைமை ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். சண்டை வேண்டாம். பாட்டுக்கு ஆள் இல்லையா, ஆள் இருந்தும் பீரியட் கைமாறுகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆள் இருந்தால் அவரே ஒரே நாளில் சரிசெய்துவிடலாம்.

ஆள் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை. அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம்தான். வாயால் சொன்னால் காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு அப்பா: பாட்டு படித்தால் கணக்கில் மார்க் கூடும் என்று சொல்லிக் கேட்டால் பள்ளியில் ஒத்துக்கொள்வார்களா?

ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் அப்படிக் கேட்காதீர்கள். 1993இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொசார்ட் இசையைப் போட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்த மாற்றம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. அதைத்தான் 'இசை கேட்டால் மூளை வளரும்' என்று ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள்.

மார்க்குக்காகப் பாட்டைக் கேட்டு வாங்கினால், மார்க் குறைந்த வருடம் பாட்டை எடுத்துவிடுவார்கள். பாட்டு பாட்டுக்காகவே வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். அவன்தான் ஆதி தாளத்தை ஒரு அட்சரம் பிசகாமல் போட்டு மொத்த வகுப்பையும் பிடித்து நிறுத்தினான். பிறகு அவன் வாசிக்கவும் தொடங்கினான் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் அந்த வகுப்புக்கு அவன் தேவைப்பட்டான். எனக்கு அது போதும்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியர்: வாரத்தில் மூன்று அரை நாள்தான். இத்தனை வகுப்புக்கும் எதை நடத்துவது?

தம்பி, உங்களைப் போன்றவர்களை 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அது 12,500 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் உங்களுக்கு யோசனை சொல்வது நியாயமில்லை.

எல்லா வகுப்பையும் தொட வேண்டாம். ஒரு பருவத்துக்கு இரண்டு வகுப்பை எடுத்து ஆழமாக நடத்துங்கள். ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போங்கள் (திங்கள் விடுமுறை). பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மேற்கூரையில் மரத்தில் செதுக்கிய பூக்களில் ஆளுக்கு ஒன்றை அண்ணாந்து பார்த்து வரையட்டும். கழுத்து வலிக்கும், வலிக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: இப்போதுதான் கலைத்திருவிழா நடத்துகிறார்களே, போதாதா?

2022இல் அது தொடங்கியபோது ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனால் அது போட்டி. வெளியே காசு கொடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு அங்கே மேடை கிடைக்கும். காசு இல்லாத வீட்டுப் பிள்ளை முதல் ஸ்வரத்தைக் கேட்பது பள்ளிப் பீரியடில்தான்.

தோவாளையிலிருந்து ஒரு ஆசிரியை: எங்களுக்கு ஆளும் இல்லை, வாத்தியமும் இல்லை. வில்லுப்பாட்டு சொல்லிக் கொடுக்கலாமா? சாமிப் பாட்டு என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள்.

கட்டாயம் செய்யுங்கள். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

ஊர்க்கோயில் கொடை விழாக்களில் சுடலைமாடன் கதையும் முத்தாரம்மன் கதையும் பாடுவதால் அப்படித் தோன்றுகிறது. வில் எந்தக் கதையையும் தாங்கும். ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடியவர். உங்கள் பிள்ளைகள் தோவாளைப் பூச்சந்தையைப் பற்றிப் பாடட்டும். விடியுமுன் பிச்சிப்பூ பறித்த கதை அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. மெட்டு கட்டிப் பழக, தேரூர்க் கவிமணியின் குழந்தைப் பாடல்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கலை எனக்குத் தெரியாது. வீசுகோலோடு வில்லடிக்க ஒருவர், குடத்துக்கு ஒருவர், உடுக்கைக்கு ஒருவர், ஜால்ராவும் கட்டையும் இரண்டு பேருக்கு. மீதிப் பேர் பின்பாட்டுப் பாடி 'ஆமா' போட வேண்டும். குரல் நன்றாக இல்லாத பிள்ளைக்கும் அதில் வேலை உண்டு. பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது, அடுத்தவர் பாடும்போது கேட்பதைத்தான்.

ஊரில் ஒரு அண்ணாவியை (வில்லுப்பாட்டுக் குழுவை நடத்துபவரை) தேடி நான்கு சனிக்கிழமை அழையுங்கள். பள்ளிக்குத்தானே என்று சும்மா வரச் சொல்லாதீர்கள். கொடைக்கு அவர் வாங்கும் அளவு முடியாவிட்டாலும் கையில் பணம் வைத்துக் கொடுங்கள். பெண் பிள்ளைகளும் வில்லடிக்கட்டும்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன்: டீச்சர், எனக்குச் செண்டை அடிக்க வரும். படிப்பை விட்டு இதில் போகலாமா?

படிப்பை விடாதே மக்களே. இரண்டும் சேர்ந்து போகும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 16 வயது வரை சேரலாம். பத்து முடித்தபின் திருநெல்வேலி அரசு இசைப் பள்ளியில் தவிலோ மிருதங்கமோ மூன்று வருடம் படிக்கலாம். செண்டை பழகிய கை வீண்போகாது.

தக்கலை அம்மா மறுபடியும்: தீர்மானத்தில் என்ன எழுதுவது டீச்சர்?

இப்படி எழுதுங்கள்: "நமது பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ___ மாணவர்கள் படிக்கிறார்கள். இசைக்குப் பயிற்றுநர் இல்லை. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி பயிற்றுநரை அமர்த்தக் கோருகிறோம். அதுவரை வெள்ளிக்கிழமை இசைப் பாடவேளையில் வேறு பாடம் நடத்துவதில்லை என்றும், உள்ளூர்க் கலைஞரை அழைப்பது என்றும் தீர்மானிக்கிறோம்." வந்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று உங்கள் கையில். கொடுத்த தேதியோடு முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.