மடத்தின் பெயர் போட்ட பெட்டி மடத்திலிருந்துதான் வருகிறதா?

கேள்வி: நான் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பங்குத்தந்தைக்கும், மகளின் ஆசிரியைக்கும், அலுவலகத் தோழிகள் நால்வருக்கும் கத்தோலிக்கத் துறவு மடங்களில் செய்த கேக், ஜாம், மிட்டாய் ஆகியவற்றைப் பரிசளிக்க நினைக்கிறேன். இணையத்தில் தேடினால் ‘துறவியர் செய்தது’ என்ற பெயரில் எத்தனையோ பெட்டிகள் வருகின்றன. நான் கொடுக்கும் பணம் மடத்துக்குத்தான் போகிறது என்பதை எப்படி உறுதி செய்வது? தோழிகளில் இருவர் சைவம், மதுவும் தொடமாட்டார்கள். வீட்டிலேயே கேக் செய்து விற்கும் சிறு வியாபாரிகளிடமும் வாங்கலாமா?

பதில்: வாசகி அவர்களுக்கு வணக்கம். பெட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். அங்கி அணிந்த துறவியின் படமும் மணிக்கூண்டும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும். பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ பெயரும் ஊரும் இருக்கும் அந்த ஒற்றை வரியைப் படியுங்கள். அமெரிக்க உணவு விதியின்படி, லேபிளில் பெயர் போட்டிருப்பவரே பண்டத்தைச் செய்தவர் என்றால் பெயரும் முகவரியும் மட்டும் இருந்தால் போதும். செய்தவர் வேறொருவர் என்றால், ‘டிஸ்ட்ரிபியூட்டட் பை’ என்றோ ‘மேனுஃபாக்சர்ட் ஃபார்’ என்றோ ஒரு தொடரை அந்தப் பெயருக்கு முன்னால் சேர்த்தே ஆக வேண்டும். அந்த வரியில் மடத்தின் பெயரும் மடம் இருக்கும் ஊரும் நேரடியாக இருந்தால் நிம்மதியாக வாங்குங்கள். ‘டிஸ்ட்ரிபியூட்டட் பை’ என்று தொடங்கி ஒரு கம்பெனியின் பெயர் வந்தால், எந்த மடம் செய்தது என்பதை அந்தக் கம்பெனி எழுத்தில் சொல்லும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உணவுப் பண்டங்களின் லேபிள்களைச் சரிபார்ப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு ஒரு ஜாம் குப்பி வந்தது. முன்பக்கத்தில் தலையை மூடிய அங்கியோடு ஒரு துறவி பெரிய செப்புப் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். மேலே துறவு மடத்தைக் குறிக்கும் ‘அபே’ என்ற ஆங்கிலச் சொல் தங்க எழுத்தில் இருந்தது. முகவரி வரியோ மூடியின் ஓரத்தை ஒட்டிய வளைவில், வெளிர்மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்தாக அச்சாகியிருந்தது. சன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்த பிறகே, விநியோகிப்பவர் ஒரு தொழிற்பேட்டைக் கம்பெனி என்பது தெரிந்தது. தொலைபேசியில் அழைத்து எந்த மடம் என்று கேட்டேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்ட பிறகு, ‘அது ஒரு பாரம்பரியத்தின் பெயர், குறிப்பிட்ட மடம் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தது. ‘அபே’ என்று போட்டதற்காக மட்டும் அந்தக் கம்பெனி தனி விதி எதையும் மீறவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். ‘மடம்’, ‘துறவி’, ‘அபே’ ஆகிய சொற்களை உணவு லேபிளில் யார் போடலாம் என்று அமெரிக்காவில் தனி விதி எதுவும் கிடையாது. தொலைபேசிக் கையேட்டில் முகவரி இருந்தால் லேபிளில் தெருப்பெயரை விட்டுவிடலாம் என்ற சலுகை மட்டும் விதிப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. தொலைபேசிக் கையேட்டை வீட்டில் வைத்திருப்பவர் இன்று யார்? வாங்குகிறவருக்குப் பண்டத்தைச் செய்தவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதில் இந்த அமைப்புக்குப் போதிய அக்கறை இல்லை.

மடத்தில் பிறந்த பெயரே மடத்தை விட்டுப் போய்விடுவதும் உண்டு. பிரான்சில் மாயேன் பகுதியில் ஆந்த்ராம் என்னும் ஊரில் இருந்த டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 19-ஆம் நூற்றாண்டில் செய்யத் தொடங்கிய சீஸ்தான் போர் சாலூ. அவர்களுடைய மடத்தின் பெயரே சீஸுக்கும் பெயரானது. 1959-இல் அந்தப் பெயரின் உரிமையைத் துறவியர் ஒரு பெரிய பால்பொருள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் போர் சாலூ ஆலையில் செய்தது. நல்ல சீஸ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் துறவியருக்கு உதவுவதாக நினைத்து அதை வாங்கினால் உங்கள் எண்ணம் ஈடேறாது.

இதற்கு எளிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. டிராப்பிஸ்ட் மடங்கள் சேர்ந்து 1997-இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைத்து, அறுகோண வடிவில் ஒரு முத்திரையை உருவாக்கின. பண்டம் மடத்தின் வளாகத்திலோ அதை ஒட்டிய இடத்திலோ செய்யப்பட வேண்டும். துறவியரின் அல்லது பெண் துறவியரான கன்னியரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். லாபம் மடத்தின் தேவைக்கும், சபைக்குள் ஒருவருக்கொருவர் உதவுவதற்கும், அறப்பணிக்கும் போக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் முத்திரை. பெல்ஜியத்தின் ஆக்கெல் மடத்தில் துறவியர் யாரும் தங்காத நிலை வந்தபோது, அதன் பீர் 2021-இல் முத்திரையை இழந்தது. அதே தொட்டி, அதே செய்முறை, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த முத்திரையை நான் மதிக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நல்ல மனம் உள்ளவர்கள் தேவையில்லாமல் மடங்களைச் சந்தேகிக்கிறார்கள். மடத்துச் சமையற்கூடத்தில் வெளியாட்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன், ‘அப்படியானால் துறவியர் செய்தது என்பது பொய்தானே’ என்று எனக்கு எழுதுகிறவர்கள் பலர். பொய் இல்லை. துறவியரே ஒவ்வொரு மிட்டாயையும் சுற்ற வேண்டும் என்று முத்திரையின் நிபந்தனை கேட்கவில்லை. மேற்பார்வை அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. பெல்ஜியத்தின் ஷிமே பீர் ஸ்கூர்மோன் மடத்தின் மதிலுக்குள் காய்ச்சப்படுகிறது, ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி பாய்லேயில் பாட்டிலில் அடைக்கப்படுகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்துக் குடும்பஸ்தர்கள். அமெரிக்காவிலும் மடங்களில் துறவியரின் எண்ணிக்கை குறைந்து, வயது கூடிவருகிறது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் நவம்பர் மாதம் முழுவதும் பெட்டி தூக்க முடியுமா? ஊராருக்கு வேலை கொடுத்து, கணக்கையும் தரத்தையும் தம் கையில் வைத்திருக்கும் மடம் நேர்மையான மடம். கூலிக்கு ஆள் இருக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லாபம் யாருடைய கணக்கில் சேர்கிறது என்று பாருங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை போன்ற மற்றத் துறவற சபைகளுக்கு அந்த அறுகோண முத்திரை கிடைக்காது, ஆகவே முத்திரை இல்லாததெல்லாம் போலி ஆகிவிடாது.

தங்களைப் போன்றவர்கள் அதிகம் ஏமாறுவது பரிசுக்கூடை வியாபாரிகளிடம். மடத்தின் ஒரு ஜாம் குப்பியை நடுவில் வைத்து, சுற்றிலும் எங்கோ மொத்தமாக வாங்கிய பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் அடுக்கி, கூடை முழுவதற்கும் மடத்தின் பெயரை வைத்து விற்கிறார்கள். தேடும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்தவரின் பக்கமே தவிர, மடத்தின் பக்கம் அல்ல. ‘வருமானத்தில் ஒரு பகுதி துறவியருக்கு’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு, எந்த மடத்துக்கு என்று கேளுங்கள். எண்ணிக்கை சொல்லாத ‘ஒரு பகுதி’ ஒரு சதமாகவும் இருக்கலாம். ‘இது நன்கொடை, வரிவிலக்கு உண்டு’ என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பண்டத்தின் சந்தை விலைக்கு மேல் தாங்கள் கூடுதலாகக் கொடுத்த தொகைக்குத்தான் வரிச்சலுகை கிடைக்கும். கொடுத்த விலைக்கு ஈடாக ஜாம் வாங்கிக்கொண்டால் அது கொள்முதல், நன்கொடை ஆகாது.

புனித ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய மடத்து ஒழுங்கின் 57-ஆம் அதிகாரம் இந்த வியாபாரத்தைப் பற்றியே பேசுகிறது. மடத்தின் கைவினைப் பொருள்களை விற்பவர்கள் வஞ்சகம் செய்யக்கூடாது, விவிலியத்தில் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துப் பொய் சொன்ன அனனியா, சப்பிராவை நினைத்துப் பார்க்க வேண்டும், பேராசை தலைகாட்டாதபடி வெளியார் விற்கும் விலையைவிடச் சற்றுக் குறைவாகவே விற்க வேண்டும் என்று அவர் கட்டளையிடுகிறார். மடத்தின் சொந்த இணையப் பக்கத்தில் உள்ள விலையையும் கூடைக்காரரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த அதிகாரம் எதற்கு எழுதப்பட்டது என்பது தங்களுக்கே புரியும்.

இனி எங்கே வாங்குவது என்பது. கென்டக்கியில் 1848-இல் நிறுவப்பட்ட கெத்செமனி மடம் ஃப்ரூட் கேக்கும் ஃபட்ஜும் சீஸும் தபாலில் அனுப்புகிறது. எழுத்தாளர் தாமஸ் மெர்ட்டன் 1941 முதல் துறவியாக வாழ்ந்த மடம் அது. அங்கே துறவியர் அதிகாலை 3:15 மணிக்கு முதல் செபத்துக்குக் கூடுகிறார்கள். மாசசூசெட்ஸில் ஸ்பென்சர் ஊரிலுள்ள புனித யோசேப்பு மடத்தின் ஜாம்கள், தோட்டத்தில் மிஞ்சிய புதினாவை 1954-இல் ஜெல்லியாகக் காய்ச்சியதில் தொடங்கியவை. அதே மாநிலத்தில் ரென்தம் ஊரின் டிராப்பிஸ்ட் கன்னியர் மிட்டாய் செய்கிறார்கள். அவர்களிடமிருந்து 1964-இல் பிரிந்து சென்று அயோவாவில் டுபியூக் அருகே மடம் அமைத்த கன்னியரின் கேரமல் பெயர் பெற்றது.

தங்கள் சைவத் தோழிகளுக்குக் கெத்செமனியின் கேக்கைக் கொடுக்காதீர்கள். அதில் கென்டக்கி போர்பன் விஸ்கி சேர்கிறது. அந்த மடத்தின் ஃபட்ஜ் வகைகளிலும் போர்பன் கலந்தவை உண்டு. நம் ஊர்ப் பிளம் கேக்கில் ரம் ஊற்றி ஊறவைப்பதைப் போலத்தான். அடுப்பில் வைத்தால் ஆவியாகிவிடும் என்ற சமாதானம் செல்லாது. கேக்கில் முட்டையும் உண்டு. சீஸில் பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ந்திருக்கலாம். ஜாமும் கேரமலும் பாதுகாப்பான தேர்வு: ஜாமை உறைய வைக்கும் பெக்டின் பழத்திலிருந்து வருவது, கேரமல் சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. இருந்தாலும் ஒயின் சேர்த்த ஜெல்லிகளும் சந்தையில் இருப்பதால், சேர்பொருள் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆசிரியைக்குக் கொடுக்கும் முன் கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு வியாபாரிகளிடம் தாராளமாக வாங்கலாம். வீட்டில் சுட்ட பண்டத்தை விற்க அனுமதிக்காமல் அமெரிக்க மாநிலங்களில் கடைசி வரை பிடிவாதம் பிடித்தது தங்கள் நியூ ஜெர்சிதான். 2021-இல்தான் உரிமம் தரத் தொடங்கியது. அத்தனை ஆண்டுகள் எத்தனை பெண்களின் கைத்தொழிலை முடக்கிவைத்தார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சுகாதாரத் துறை ஆய்வு செய்யாத வீட்டுச் சமையலறையில் தயாரித்தது என்று இந்த வீட்டு வியாபாரிகளின் லேபிளில் இருக்கும். அது சட்டம் கட்டாயமாகப் போடச்சொல்லும் வாசகம், பயப்பட வேண்டாம். அந்த வாசகம் இல்லாமலும், உணவுத் தொழிற்கூட உரிமம் இல்லாமலும் விற்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. வீட்டு உரிமம் உள்ளவர்கள் தபாலிலோ கூரியரிலோ அனுப்பக்கூடாது என்பதால் நேரில்தான் வாங்க வேண்டும்: தாங்கள் போய் வாங்கலாம், அவர்களே தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தும் கொடுக்கலாம்.

ஒரு மடம் இப்போதும் இயங்குகிறதா என்றும் பாருங்கள். யூட்டாவில் தேனுக்குப் பெயர்போன ஹன்ட்ஸ்வில் மடம் 2017-இல் மூடப்பட்டது. ஸ்பென்சர் மடம் பீர் காய்ச்சுவதை 2022-இல் நிறுத்திவிட்டது. பழைய பரிந்துரைப் பட்டியல்களில் இரண்டும் இன்னும் இருக்கின்றன.

ஆர்டரை நவம்பர் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். பல மடங்கள் டிசம்பர் நடுவிலேயே கிறிஸ்துமஸ் ஆர்டரை மூடிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அவர்களுக்குச் செபமும் கூடுதல், கைகளும் குறைவு. ஆறு பெட்டிகளையும் ஒரே மடத்தில், தங்கள் வீட்டு முகவரிக்கே வரவழைத்தால் அனுப்பும் செலவு மிச்சமாகும், பெட்டியைத் திருப்பிப் பார்க்கவும் முடியும். தொலைபேசியில் யாரும் எடுக்காவிட்டால் செப நேரமாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அழையுங்கள்.