நிலத்தின் மேல் நிற்கும் நீச்சல் தடாகமும் கறளும்: கேள்வி பதில்

பாசிக்குடாப் பக்கம் விடுதித் தடாகங்களைப் பல வருடங்கள் பராமரித்தவன் நான். இப்போது கல்லடியில் ஒரு சிறிய இரும்புப் பட்டறை நடத்துகிறேன். வீட்டு வளவில் நிலத்தின் மேல் பொருத்தும் தடாகங்களின் கால், சட்டம், சுவர்த் தகடு, ஏணி ஆகியவற்றில் ஏறும் கறளைப் பற்றி நம் கிழக்குக் கரையோரத்து உறவுகள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லடி): ஐயா, பிள்ளைகளுக்காக வாங்கிய 12 அடி வட்டத் தடாகம் இரண்டு மாரி கண்டுவிட்டது. கால்களின் அடியில் பூச்சு கொப்புளித்துக் கறள் தெரிகிறது. தண்ணீரை இறக்காமலே மேலே பெயின்ற் அடித்துவிடலாமா?

பதில்: அடிக்க வேண்டாம், தம்பி. முதலில் அந்தக் கால் இன்னும் கால்தானா என்று பார்க்க வேண்டும். 12 அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள தடாகம் ஏறத்தாழ 6,500 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அது ஆறரைத் தொன் எடை. அந்த எடையில் பெரும்பகுதியை நிலம் தாங்கினாலும், தண்ணீர் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையைத் தாங்கி நிற்பவை இந்த மெல்லிய குழாய்க் கால்களும் மேல் வளையமுமே. பூச்சுக் கொப்புளத்தைக் கண்டு நாம் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருத்து, பூச்சை உள்ளிருந்து தூக்கிவிடும். ஆகவே கொப்புளம் வெளியில் தெரியும் நாளில் அதன் கீழே வேலை நெடுநாள் நடந்திருக்கும்.

சோதிக்கும் முறை எளியது. தண்ணீரை இறக்கி, காலைக் கழற்றி, அடியிலுள்ள பிளாஸ்ரிக் மூடியை இழுத்தெடுங்கள். சென்ற மாதம் நான் ஒரு காலைத் தலைகீழாகப் பிடித்தபோது, அரைக் கோப்பை அளவு செங்காவித் தண்ணீரும் கடற்கரை மணலும் சேறாக விழுந்தன. மூடி கிண்ணம் போல நின்று மாரித் தண்ணீரை வருடம் முழுவதும் பிடித்து வைத்திருந்தது. பிறகு சிறிய சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை அடங்கிப் போகும். அங்கே திருப்புளியின் முனையை அழுத்துங்கள். தகடு உள்வாங்கினாலோ, முனை துளைத்துக்கொண்டு போனாலோ அந்தக் காலுக்கு வர்ணம் எதுவும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். முனை வழுக்கிக்கொண்டு போய், மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாக இருந்தால் காப்பாற்றலாம்.

காப்பாற்றும் வேலையில் பாதி சுரண்டுவதுதான். கம்பிப் பிரஷினால் உதிரக்கூடிய கறள் அனைத்தையும் எடுத்து, ஓரத்தில் நல்லதாகத் தெரியும் பூச்சையும் ஓர் அங்குலம்வரை மண்தாளால் தேய்த்துச் சாய்வாக்க வேண்டும். அடுத்து நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். இதை விட்டுவிட்டு அடிக்கும் பெயின்ற்தான் நம் கரையில் ஆறு மாதத்தில் உரிந்துவிடுகிறது, ஏனென்றால் பூச்சின் கீழே அகப்பட்ட உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குழியில் ஒட்டியிருக்கும் மிச்சக் கறளுக்கு, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பொஸ்போரிக் அமிலம் அல்லது தனின் கலந்த கறள் மாற்றியைத் தடவினால் அது கருமையான, உறுதியான படலமாக மாறும். அது நன்றாகக் காய்ந்தபின் எபொக்சி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் வெளிப்புற வர்ணம் இரண்டு கை. நாக (துத்தநாக) முலாம் இன்னும் பளபளக்கும் இடத்தில் சாதாரண எண்ணெய் வர்ணத்தை நேரடியாக அடிக்காதீர்கள். நாகத்தோடு அது சவர்க்காரம் போல மாறித் தோலாக உரியும்.

இறக்கும் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. குளோரின் போடாமல் சில நாட்கள் வெயிலில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், பிறகு தென்னைக்கு விடலாம்.

கேள்வி (கல்முனை): வெளியே ஒரு புள்ளியும் இல்லை, ஆனால் மேல் சட்டக் குழாய்கள் இணையும் இடத்தில் மழைக்குப் பின் மண்ணிறத் தண்ணீர் சொட்டுகிறது. ஏன்?

பதில்: வெளிப்பக்கத்துப் பூச்சு நன்றாக இருக்கும், உட்பக்கம் பெரும்பாலும் அதே காப்பைப் பெற்றிருக்காது. பிள்ளைகள் தெறிக்கும் குளோரின் தண்ணீர் இணைப்பு வழியாக உள்ளே போய், காற்றோட்டமின்றி அங்கேயே நிற்கிறது. மாரிக்கு முன் கழற்றி, ஒவ்வொரு குழாயையும் நல்ல தண்ணீரால் உள்ளே அலசி, இரண்டு நாள் சாய்த்து உலர வைத்து, உலர்ந்தபின் மெழுகுவகைக் கறள் தடுப்பியை உள்ளே விசிறிவிடுங்கள். எண்ணெய்யும் கிரீஸும் தண்ணீரைப் பிடித்து நிற்கும் வினைல் உள்விரிப்பில் படக்கூடாது. இறப்பர் வளையங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே ஏற்றது. கழற்றிய விரிப்பைத் திறந்தபடி மூலையில் போட்டால் அதன் மடிப்பில் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். காயவைத்துச் சுருட்டி உள்ளே வையுங்கள்.

கேள்வி (பாசிக்குடா அருகே ஒரு விருந்தினர் இல்லம்): எங்களுடையது உருக்குத் தகட்டுச் சுவர், உயரம் 4 அடி. ஸ்கிம்மர் (மேல்நீரில் மிதக்கும் குப்பையை இழுக்கும் பெட்டி) வாயின் கீழே ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஓட்டை விழுந்து, உள்விரிப்பு வெளியே பிதுங்கித் தெரிகிறது. இந்த வார இறுதியில் விருந்தினர் வருகிறார்கள். வெளியே தகடு ஒட்டிச் சமாளிக்கலாமா?

பதில்: யாரையும் இறக்க வேண்டாம். இன்றே தண்ணீரை இறக்குங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தச் சுவர் வீட்டுச் சுவர் போலத் தன் தடிப்பினால் நிற்பதில்லை. பீப்பாய்க்கு வளையம் போட்டதுபோல, சுற்றிவரும் ஒரே இழுவிசையால்தான் அது நிற்கிறது. 4 அடி ஆழத்தின் அடியில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 1,200 கிலோ எடை வெளிப்பக்கம் தள்ளுகிறது. வளையம் ஓர் இடத்தில் அறுந்தால் ஓட்டை அங்கேயே நிற்காது, தகடு மேலிருந்து கீழாகக் கிழிந்து முழுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் பாயும். அருகில் நிற்கும் பிள்ளையை அது அடித்துக்கொண்டு போகும்.

ஸ்கிம்மர் வாயின் கீழே முதலில் அரிப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே தொழிற்சாலையில் வெட்டிய ஓரம் நாக முலாம் இல்லாத பச்சை இரும்பு. அதன் இறப்பர் வளையம் நாள்பட்டு இறுகும்போது துளித்துளியாகக் கசியும் குளோரின் தண்ணீர், தகட்டுக்கும் விரிப்புக்கும் இடையில் இறங்கி, சுவரின் அடி ஓரம் செருகி நிற்கும் கீழ்த் தண்டவாளத்தில் போய்த் தங்குகிறது. ஆகவே ஓட்டையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், நேர் கீழே தண்டவாளத்தில் இருக்கும் தகட்டு ஓரத்தையும் சுவர் பொருந்தும் போல்ட் வரிசையையும் பாருங்கள்.

அவ்விரண்டும் உறுதியாக இருந்து ஓட்டை தனியாக நின்றால், தடாகத்தை வெறுமையாக்கி விரிப்பை விலக்கியபின், ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு வரும்வரை தேய்த்து, எல்லாப் பக்கமும் ஒரு சாண் மிகும்படி முலாமிட்ட தகட்டை றிவெட் அடித்துப் பொருத்தலாம். உட்பக்கம் வரும் றிவெட் தலையும் தகட்டு ஓரமும் விரிப்பை வெட்டாதபடி பட்டியால் மூடிவிட வேண்டும். வெல்டிங் வேண்டாம். சூடு பட்ட இடமெல்லாம் முலாம் எரிந்துபோகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சல் வரக்கூடும், என் பட்டறையில் இதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அடி ஓரமோ போல்ட் வரிசையோ அரித்திருந்தால் சுவர் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. வார இறுதி விருந்தினருக்குக் கடல் இருக்கிறது.

கேள்வி (செங்கலடி): அண்ணன், புதுத் தடாகம். கிணற்றுத் தண்ணீர் நிரப்பும்போது தெளிவாகத்தான் இருந்தது. குளோரின் போட்ட அரை மணித்தியாலத்தில் தேயிலைச் சாயம் போலாகிவிட்டது. உள்ளே இரும்பு கறளாகிறதா?

பதில்: இல்லை, தங்கச்சி. இரும்பு உங்கள் கிணற்றிலிருந்தே வந்தது. கரைந்த நிலையில் இருக்கும் இரும்புக்கு நிறம் தெரியாது. குளோரின் அதை ஒட்சியேற்றியதும் கறளாகப் பிரிகிறது. சந்தேகம் தீர, ஒரு வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சிறிதளவு குளோரின் தூளைக் கரைத்துப் பாருங்கள், அங்கேயும் நிறம் மாறும். பம்பியை ஓடவிட்டு, வடிகட்டியை அடிக்கடி கழுவிவந்தால் சில நாளில் தெளியும். விரிப்பில் மஞ்சள் கறை தங்கிவிட்டால், ஒரு விற்றமின் சி மாத்திரையை அந்த இடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். கறை வெளிறினால் அது இரும்புக் கறைதான். அப்போது குளோரினை நன்றாகக் குறையவிட்டு அஸ்கோபிக் அமிலத் தூள் (அதே விற்றமின் சிதான்) போட்டால் கறை முழுதாகக் கழலும். கழன்ற இரும்பு தண்ணீரிலேயே இருப்பதால், குளோரினை ஒரேயடியாகக் கூட்டினால் திரும்பவும் படியும். ஊரில் தண்ணீர் தெளியப் படிகாரம் போடும் வழக்கம் உண்டு. அது தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டும் என்பதால், போட்டபின் அதைக் காட்டும் அளவான பீ.எச். 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் நீங்கள் பயந்தபடி ஏணியும் போல்ட்டும் உண்மையாகவே அரிக்கத் தொடங்கும்.

கேள்வி (காத்தான்குடி): கழிவறை கழுவும் அமிலத்தால் கறளை எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: எடுக்கும், கூடவே நாக முலாமையும் தின்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த அமிலம் குளோரினோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில் வைப்பதும் தவறு. சிறிய நட், போல்ட்டுக்கு எலுமிச்சம்புளி போதும். ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி உடனே உலர்த்துங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): ஸ்டெயின்லெஸ் ஏணி என்று வாங்கினோம், அதிலும் மண்ணிறப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா, சேர்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 304 என்ற தரம் கடலுக்குத் தூரமான ஊர்களுக்குப் போதும், கடற்காற்றில் அதுவும் புள்ளி பிடிக்கும். கரையோரத்துக்கு 316 தரம் பொருத்தமானது. புள்ளிகளை மென்மையான துணியாலும் சவர்க்காரத் தண்ணீராலும் துடையுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு புதிய கறளாகும். ஏணியை மாட்டிய போல்ட் சாதாரண இரும்பாக இருந்தால், பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்போடு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய போல்ட் மிக விரைவாக அரியும். ஆகவே போல்ட்டும் அதே தரத்தில் இருக்கட்டும். குளோரின் வாளியை ஏணிக்கும் பம்பிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், மூடியிருந்தாலும் அதன் ஆவி உலோகத்தை அரிக்கும்.

கேள்வி (பொத்துவில்): உப்புத் தண்ணீர்த் தடாகம் என்று ஒன்று இருக்கிறதே. நாங்கள் கடல் நீரையே இறைத்து நிரப்பினால் என்ன?

பதில்: அந்தத் தடாகங்களில் ஒரு லீற்றருக்கு மூன்று, நான்கு கிராம் உப்புத்தான் இருக்கும், கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம். உருக்குச் சட்டம் அதைத் தாங்காது.

கேள்வி (கல்லடி, முதலில் கேட்டவர்): ஐயா, தட்டிப் பார்த்தேன். எட்டுக் கால்களில் இரண்டில் திருப்புளி இறங்கிவிட்டது, மற்றவை உறுதி. எப்போது வேலையைத் தொடங்குவது?

பதில்: அந்த இரண்டையும் மாதிரியாகக் கொண்டு போய் அதே வெளி விட்டத்தில், அதே தடிப்பில் அல்லது கூடிய தடிப்பில் முலாமிட்ட குழாய் வெட்டுவியுங்கள். ஊசி செருகும் துளைகளைப் போட்டபின், துளை ஓரங்களுக்கும் வெட்டிய முனைகளுக்கும் நாகம் செறிந்த பிரைமர் பூச மறக்காதீர்கள். வர்ண வேலையை வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன், கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில் முடித்துவிடுங்கள். காலையில் பனி காய்ந்தபின் கழுவி உலர்த்தி, அன்று முற்பகலிலேயே பிரைமர் அடியுங்கள். கழுவியதை ஓரிரவு வெளியே விட்டால் கடற்காற்று மறுபடி உப்பைப் படியவைக்கும். திரும்ப நிறுத்தும்போது ஒவ்வொரு காலின் கீழும் நில மட்டத்தோடு பதித்த சீமெந்துக் கல் இருக்கட்டும். பம்பிக்குப் போகும் வயரின் முனைகளிலும் கறள் இருக்கிறதா என்று மின் வேலை தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்து, மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறது என்று உறுதியானபின் பிள்ளைகளை இறக்குங்கள்.