68 டன் எடையுள்ள அர்ஜுன் டாங்கி பாலைவன மணலில் புதைந்துவிடாதா?

புதையாது. இதை எனக்குப் புரியவைத்தது கடலூர் தேவனாம்பட்டினம் மணல்தான்.

சில வருடங்களுக்கு முன் வெள்ளிக் கடற்கரையில் காரைக் கொஞ்சம் உள்ளே இறக்கிவிட்டேன். முன்சக்கரம் இரண்டும் மணலைப் பறித்துக்கொண்டு பாதிவரை இறங்கிவிட்டன. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "ஆக்சிலேட்டர மிதிக்காதீங்க தம்பி, மொதல்ல டயர்ல பாதிக் காத்த இறக்கிவிடுங்க" என்றார். இறக்கினேன். நாலு பேர் தள்ள, வண்டி மேலே ஏறிவிட்டது.

அன்று இரவு மாமாவிடம் சொன்னேன். டாங்கிகள் செய்யும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று மஞ்சக்குப்பத்தில் இருப்பவர். "காத்து இறங்கினதும் டயர் பரந்துச்சு இல்ல? டாங்கிக்கு டிராக் செய்யறதும் அதேதான்டா" என்றார்.

டயரில் எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் கார் தரையை அமுக்கும். 30 பாயிண்ட் காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. முதல் அர்ஜுன் 58.5 டன். ஆனால் அந்த எடை டிராக் எனப்படும் இரண்டு அகலமான இரும்புப் பட்டைகளில் பரவுவதால் 1 கிலோகூட வராது. 2021-இல் 118 வண்டிகளுக்கு ஆர்டர் தரப்பட்ட அதன் புது வடிவமான 68 டன் மார்க் 1ஏ-வுக்கும், அதே பட்டை என்று கணக்குப் போட்டால், 1 கிலோ பக்கம்தான்.

சரி, எதற்கு இவ்வளவு எடை? ரஷ்ய டி-90 டாங்கி சுமார் 46 டன்தான். அதில் 3 பேர். குண்டை இயந்திரமே நிரப்பிவிடும். அர்ஜுனில் நாலாவதாக ஒருவர் 120 மி.மீ. குண்டைக் கையால் நிரப்புகிறார். அவர் நின்று வேலை செய்ய இடம் வேண்டும், அந்த இடத்தைச் சுற்றியும் காஞ்சன் என்ற கனமான கூட்டுக் கவசம் வேண்டும். ஓர் ஆளுக்கு இடம் விட்டால் கவசம் டன் கணக்கில் கூடுகிறது. ஆனால் டிராக் கழன்றால் மாட்ட அந்த நாலாவது ஆளின் கை எவ்வளவு உதவும் என்று மாமா சொல்லக் கேட்டபின், அது வீண் எடை என்று எனக்குத் தோன்றவில்லை.

எடை வேறு இடங்களில் உதைக்கிறது. எஞ்சின் அதே 1400 குதிரைத்திறன்தான். டன்னுக்கு 24 குதிரைத்திறன் என்று இருந்தது இப்போது 20-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம் பாலங்கள். பட்டை எத்தனை அகலமாக இருந்தாலும் பாலம் மொத்த எடையையும் தாங்கியாக வேண்டும். ராஜஸ்தான் மணலில் ஓடும் இதே வண்டியைக் கால்வாய்கள் நிறைந்த பஞ்சாப் பக்கம் கொண்டுபோவது கடினம் என்பது அதனால்தான்.