மீன் வண்டிக்கு வழி போடும் மென்பொருள்: கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் ஐஸ் கம்பெனிகளுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். கணக்குக்காக எழுதிய மென்பொருளிலேயே வரைபடத்தையும் வண்டி போகும் வழியையும் சேர்ப்பது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

மண்டபம்: அண்ணே, வாடிக்கையாளர் முகவரி எல்லாம் எங்களிடம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் வரைபடத்தில் புள்ளி தானாக விழுமா?

டவுனுக்குள் ஓரளவு விழும் தம்பி. கடலோர ஊர்களில் நம்பாதீர்கள். ‘மாதா கோவிலுக்குப் பின்னால், வலைக் கொட்டகை’ என்பதுதான் அங்கே முகவரி. அதைத் தேடச் சொன்னால் ஊர் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, கிடைத்துவிட்டது என்று சொல்லும். புள்ளியே இல்லாவிட்டால் டிரைவர் போன் போட்டுக் கேட்பார். தப்பான புள்ளி இருந்தால் அதை நம்பிப் போய் நிற்பார்.

அதனால் சரக்கு இறக்கும் இடத்தில் நின்று டிரைவர் போனில் ஒரு பட்டனை அழுத்தட்டும். அட்சரேகை, தீர்க்கரேகையோடு, எத்தனை மீட்டர் துல்லியம் என்று போன் சொல்வதையும் சேமியுங்கள். திறந்த வானத்தின் கீழே சுமார் 5 மீட்டர் வரும். 30 மீட்டரைத் தாண்டினால் ஏற்காதீர்கள். தகரக் கொட்டகையை விட்டு வெளியே வந்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் புள்ளி போனிலேயே இருந்து, சிக்னல் வந்த பிறகு டேட்டாபேஸில் ஏறட்டும்.

இதில் இன்னொரு லாபம்: முகவரியிலிருந்து கூகுள் எடுத்துக் கொடுக்கும் புள்ளியை 30 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள அதன் விதி அனுமதிப்பதில்லை. டிரைவர் எடுத்த புள்ளி உங்கள் சொத்து. மற்ற எந்த வேலைக்கும் முன்னால் இதை முடியுங்கள்.

தொண்டி: வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் டேட்டாபேஸான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஏற்றினேன். புள்ளிகள் எல்லாம் ஆர்க்டிக் கடலில் விழுகின்றன!

வரிசை மாறிவிட்டது. அதில் தீர்க்கரேகைதான் முதலில். ராமேஸ்வரம் என்றால் 79.31, அப்புறம் 9.28. மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் பக்கம் போய்விடும். தீர்க்கரேகை 76 முதல் 81, அட்சரேகை 8 முதல் 14 என்று எல்லை வைத்து, அதற்கு வெளியே விழும் புள்ளியை ஏற்காமல் விட்டுவிடுங்கள்.

பாம்பன்: இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்தே வழி போடலாமா?

நம் கடற்கரையில் கூடாது. தொண்டிக்கும் பாம்பனுக்கும் நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர்தான், ஆனால் அது பாக் விரிகுடாவுக்கு மேலே. வண்டி தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று சுற்றித்தான் வர வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் சாலைத் தரவை, சாலை வழி கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் மென்பொருளில் ஏற்றி, சாலைத் தூர அட்டவணை எடுங்கள். 20 இடத்துக்கு, போக வரத் தனித்தனியாக, 380 தூரங்கள். ஒரு முறை எடுத்து வைத்தால் போதும். எந்த வரிசையில் போவது என்பதை வ்ரூம் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 10 இடத்துக்கே 36,28,800 வரிசைகள் உண்டு, கையால் ஆகாது.

கீழக்கரை: எங்களுடையது பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ்.

பரவாயில்லை. அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் எண் போட இரண்டு பத்தி (காலம்) சேர்த்து, ஒரு பட்டனில் கூகுள் மேப்ஸ் திறக்கும் இணைப்பை வையுங்கள். அன்றாட வேலைக்குப் போதும்.

ராமேஸ்வரம்: நண்டு கொள்முதல் செய்கிறேன் சார். வழி சரியாக வருகிறது, டிரைவர்தான் கேட்பதில்லை.

டிரைவர் பக்கம் நியாயம் இருக்கும். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகே கிடையாது. எந்த இடத்துக்கு எந்த நாள், எத்தனை மணிக்குள் என்று அட்டவணையில் இல்லாவிட்டால் மென்பொருள் வெறும் கரைக்குத்தான் வண்டியை அனுப்பும். வரிசையை மாற்ற அவருக்குத் திரையில் இடம் கொடுங்கள். அவர் மாற்றியதையும் சேமியுங்கள். ஒரு மாதம் கழித்து அதை எடுத்துப் பார்த்தால், உங்கள் அட்டவணையில் எந்தெந்த நேரம் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.