பொங்கல் பரிசாகத் தர, குறைந்த செலவில் மேசை நாட்காட்டியை வீட்டிலேயே செய்வது எப்படி?

நான்கு ஆண்டுகளாக ஆங்கிலப் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நானே செய்த மேசை நாட்காட்டிகளைக் கொடுத்து வருகிறேன். நாட்காட்டி ஒன்றுக்கு மூன்று ஏ4 தாள்கள் போதும்: மாதங்களுக்கு இரண்டு, தாங்கிக்கு ஒன்று. செலவைக் குறைப்பதற்காக மட்டமான தாளை வாங்க வேண்டியதில்லை; வெட்டும் அளவை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் கழிவே இல்லாமல் முடித்துவிடலாம்.

ஏ4 தாளின் அளவு 210 × 297 மி.மீ. அதை நெட்டாக நிறுத்தி மூன்றாக வெட்டினால் 210 × 99 மி.மீ. அளவில் மூன்று இதழ்கள் கிடைக்கும். இருபுறமும் அச்சிட்டால் ஆறு இதழ்களில் பன்னிரண்டு மாதங்களும் அடங்கிவிடும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் பின்பக்க எழுத்து ஊடாகத் தெரியும் என்பதால் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள இங்க்ஜெட் அச்சைவிடக் கடையின் லேசர் அச்சு நல்லது. ஈரக்கை பட்டாலும் கலையாது.

முதல் ஆண்டு நான் சறுக்கியது மாதங்களின் வரிசையில்தான். ஜனவரிக்குப் பின்னால் ஜூலை, பிப்ரவரிக்குப் பின்னால் ஆகஸ்ட் என்று இயல்பாகத் தோன்றியபடி அச்சிட்டு, பதினைந்து பேருக்குக் கொடுத்தும் முடித்துவிட்டேன். ஜூன் முடிந்து கடைசி இதழையும் புரட்டிவிட்டு நாட்காட்டியை மறுபுறம் திருப்பினால், ஜூலை இருக்க வேண்டிய இடத்தில் டிசம்பர் நின்றது! ஒவ்வோர் இதழும் மேல்விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் விழும்போது, கடைசியாக விழுந்தது வெளியே நிற்கிறது. ஆகவே இரண்டாம் அரையாண்டு தலைகீழ் வரிசையில் இருந்தாக வேண்டும். ஓர் இதழின் இரு பக்க மாத எண்களையும் கூட்டினால் 13 வர வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரிக்குப் பின்னால் டிசம்பர், பிப்ரவரிக்குப் பின்னால் நவம்பர், இப்படியே போய் ஜூனுக்குப் பின்னால் ஜூலை. முதல் ஏ4 தாளின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றால், பின்பக்கத்தில் அதே வரிசையில் டிசம்பர், நவம்பர், அக்டோபர். கடைக்காரரிடம் தாளின் நீளவாட்டு விளிம்பில் திருப்பி அச்சிடச் சொல்ல வேண்டும். குட்டைவாட்டில் திருப்பினால் பின்பக்க மாதங்கள் தலைகீழாகிவிடும்.

கட்டங்களைக் கையால் வரைபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. லீப் ஆண்டு அல்லாத எந்த ஆண்டிலும் ஜனவரியும் அக்டோபரும் ஒரே கிழமையில் தொடங்கும். பிப்ரவரி, மார்ச், நவம்பர் ஒரு குழு. ஏப்ரலும் ஜூலையும், செப்டம்பரும் டிசம்பரும் இணைகள். மே, ஜூன், ஆகஸ்ட் தனித்தனி. எனவே ஏழு கட்டங்களை வரைந்து நகலெடுத்து, மாதக் கடைசியில் மிகும் தேதிகளை மட்டும் நீக்கினால் போதும். 2027ஆம் ஆண்டுக்குச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஞாயிற்றுக்கிழமையில் வாரத்தைத் தொடங்கினால் ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களுக்கு ஆறு வரிசைகள் தேவைப்படும். 99 மி.மீ. உயரத்தில் அது நெருக்கடி. அச்சகங்கள் செய்வதுபோல 24, 31 இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடலாம்; மே மாதத்தில் மட்டும் 23, 30 இரண்டையும் அப்படியே சேர்க்க வேண்டும்.

தாங்கிக்கு 300 ஜிஎஸ்எம் அட்டை வேண்டும். சார்ட் தாள் ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்காத தாள் இல்லை. நானோ பெரும்பாலும் பழைய திருமண அழைப்பிதழ்களைப் பயன்படுத்துகிறேன். மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழைக் குப்பையில் போட மனமில்லாமல் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கட்டே சேர்ந்திருந்தது. அவற்றை ஏ4 அளவுக்கு இணைத்து, நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை மேலே ஒட்டுகிறேன். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது தாள் சுருங்கி அட்டையை வில்லாக வளைக்கும். இருபுறமும் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தெடுத்தால் தட்டையாக நிற்கும்.

அட்டையின் 297 மி.மீ. நீளத்தை 115, 67, 115 என்று பிரித்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு அழுத்தி இழுத்து மடிப்புக் கோடு போடுங்கள். கோடு போடாமல் மடித்தால் அட்டை வெடித்து நார் தெரியும். நடுப்பகுதி அடித்தளமாகும், இரு ஓரங்களும் மேலே சேர்ந்து முக்கோணமாகும். அந்த ஓரங்களையும் இதழ்களையும் ஒரே அளவில் பஞ்சிங் மெஷினில் துளையிட்டு, இரண்டு வளையங்களையோ சணல் கயிற்றையோ கோத்துவிடலாம். கயிறென்றால் விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் இதழ் புரளாது. ஸ்பைரல் பைண்டிங் அழகுதான், ஆனால் மொத்தச் செலவில் பாதியை அதுவே விழுங்கிவிடுகிறது.

உள்ளடக்கத்தில் அலங்காரத்தைவிடப் பயன்பாட்டைப் பாருங்கள். நான் பூக்கோலம் வரைந்து கொடுத்த நாட்காட்டியை வாங்கிப் பார்த்த என் அத்தை கேட்ட முதல் கேள்வி, "ராகு காலம் எங்கேடா போட்டிருக்கே?" என்பதுதான். தினசரித் தாள் நாட்காட்டிகளில் அச்சிடப்படும் ராகு காலம் கிழமையைப் பொறுத்தது மட்டுமே (திங்கள் 7.30–9, சனி 9–10.30, வெள்ளி 10.30–12, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, செவ்வாய் 3–4.30, ஞாயிறு 4.30–6) என்பதால், அதை ஒரு சிறு பட்டியலாகத் தாங்கியின் ஓரத்தில் ஒட்டிவிட்டால் ஆண்டு முழுவதற்கும் போதும். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை ஆகியவற்றைப் பெறுபவர் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறார்களோ அதிலிருந்தே எடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில சமயம் வேறுபாடு வரும். ரம்ஜான், பக்ரீத் தேதிகள் பிறை பார்த்து மாறக்கூடியவை என்பதால் அவற்றைப் பென்சிலில் குறிக்கிறேன். அந்தக் குடும்பத்தின் பிறந்தநாட்களையும் திருமண நாட்களையும் கையால் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு நாட்காட்டிக்கு அரைமணி நேரம் ஆகிறது.

வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் அடித்தளத்தின் நடுவிலும் ஒரு மடிப்புக் கோடு போட்டு, அதை உட்புறமாக மடியுங்கள். வளையத்தைக் கழற்றாமலேயே முழுவதும் 210 × 115 மி.மீ. அளவுக்குத் தட்டையாகி, அதைவிடச் சற்றுப் பெரிய தபால் உறையில் நுழைந்துவிடும்.